சுற்று வழி

எங்கள் சமையலறைச் சன்னலில்
கம்பமெட்டு மலை தெரியும்.
கையை நீட்டினால் முட்டும் என்று சொல்ல மாட்டேன்.
ஆனாலும் மேலே ஜீப் திரும்பும்போது
கண்ணாடியில் பட்ட வெயில்
என் குழம்புச் சட்டியில் ஒரு நொடி விழும்.
மெட்டைத் தாண்டினால் கேரளா,
அதற்கப்புறம் ஏலக்காடு.
அந்தக் காலத்து ஆட்கள் விடிய ஏறி
வெயில் உச்சிக்கு வருமுன் நடந்தே போய்விடுவார்கள்.

எழுபத்து நாலில் என் மாமனார்
அந்தப் பக்கமிருந்து ஒரு தந்தி கொடுத்தார்,
தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி:
காய்ச்சல் இல்லை வியாழன் வருகிறேன்.
வார்த்தையை எண்ணிய தங்கச்சன்
"இல்லாத பனிக்கு எந்தினா காசு?" என்று
முதல் இரண்டை அடித்துவிட்டாராம்.

அந்தத் தந்தி மலை இறங்கவில்லை.
கோட்டயம் போனது. எர்ணாகுளம் போனது.
மெட்ராஸைப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பி
உத்தமபாளையத்தில் ஒரு ராத்திரி தங்கி
வெள்ளிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கியவர்
முந்தின நாளே வந்துவிட்ட மாமனார்.

தொண்ணூற்று மூன்றில் நான் பூத் போட்டேன்.
மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு,
சிவப்பாய் ஓடும் எண்.
ரெண்டு ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு மலை,
ரெண்டு எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் பாதி தேசம்.
பம்பாய் கிடைத்துவிடும்,
வண்டன்மேடு கிடைக்காது.

ஒச்சம்மா எஸ்டேட்டுக்குப் பேச வந்தாள்.
ஸ்டோரில் காய் பிரிக்கும் மகளை
ஆள் போய்க் கூட்டிவர வேண்டும்.
எட்டு நிமிஷம்.
வைத்துவிட்டு மறுபடி போடலாம் அக்கா, என்றேன்.
அவள் கையைக் காட்டி என்னை அடக்கினாள்.
மகள் வருமுன் கோடு அறுந்தது.
முப்பத்தியொரு ரூபாயை
முந்தியிலிருந்து எண்ணி வைத்துவிட்டுச் சொன்னாள்:
"அங்க நல்ல மழை. தகரத்துல விழுகுது."

பிறகு செல்போன்.
கடைசி வளைவில் அது மலையாளம் பேச ஆரம்பிக்கும்,
எடுத்தாலே காசு போகும்.
அதனால் யாரும் எடுக்கவில்லை.
ஒரு ரிங் என்றால் செக்போஸ்ட் தாண்டியாச்சு,
ரெண்டு என்றால் உலை வைக்காதே,
மூன்று என்றால் எடு, ஏதோ ஆகிவிட்டது.
தங்கச்சன் இருந்திருந்தால்
எதை அடித்திருப்பார்?

போன ஆவணியில் மலை சரிந்தது.
டவர் படுத்துவிட்டது.
என் வீட்டுக்காரர் சுருளிராசு
பதினாலு பெண்களை ஏற்றிய ஜீப்போடு
மேலே எங்கேயோ.
போன் எடுப்பதற்கு முன்பே
ஒரு பெண் குரல் மன்னிப்புக் கேட்டது,
மூன்று மொழியில்.

ரெண்டாம் ராத்திரி
எட்டாம் வளைவு இருக்கும் இடத்தில்
ஒரு வெளிச்சம். அணைந்தது. மறுபடி. மறுபடி.
தெருவே மொட்டைமாடியில் நின்றது.
பதினைந்து வீட்டுக்கும் அது தன் வீட்டு வெளிச்சம்.
செல்லக்கண்ணு மகள் உள்ளே ஓடிப்போய்
குழல்விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள்.
நானும் அணைத்தேன்.
எதிர்வீட்டுத் தையல்காரர், ஜீப்பில் யாருமே இல்லாதவர்,
அவரும் அணைத்தார்.

"பார்த்தீங்களா?" என்று பின்னால் கேட்டேன்.
"ஊரே மினுக்மினுக்குன்னு இருந்துச்சு.
கரண்டு போய்ப் போய் வருதுன்னு நெனச்சோம்" என்றார்.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு
என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது
டவர் எழுந்தது.
அடுப்படி மேடையில் என் போன் துடித்தது.
ரோடு இல்ல. பத்திரமா இருக்கோம். தேட வேணாம்.
மூன்று நாள் இது எங்கே கிடந்தது?
கடலுக்கு அந்தப்பக்கம்
குளிரூட்டிய கிடங்கு ஏதாவது ஒன்றில், என்கிறான் மகன்.
இந்த மலையை மட்டும்
யாருமே நேராகத் தாண்டுவதில்லை.

"யாரு?" என்றார்.
"நீங்கதான்."
"பதில் போடு" என்றார்,
ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே.